மில்லுக்கார ஐயாவின் கையில் இருந்த எழுத்து

சில மாதங்களுக்கு முன் எங்கள் நர்சுகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அந்தக் குழுவிலிருந்து நீக்கவில்லை. படத்தில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜெர்மனியின் சர்வாதிகாரி. அவர் மீசையைப் பார்த்தாலே யாரும் சொல்லிவிடுவார்கள். மற்றவர் வெள்ளைத் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது பெர்லினுக்குப் போய் நாஜிகளோடு சேர்ந்துகொண்ட ஜெருசலேம் முஃப்தி. முஃப்தி என்றால் மதச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். "பாலஸ்தீனத்து ஆட்கள் அன்றைக்கும் இன்றைக்கும் இப்படித்தான், இவர்களுக்கு ஏன் பரிதாபப்பட வேண்டும்" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. இன்னொருத்தி, படமே போலி, யாரோ ஒட்டிச் சேர்த்தது என்று பதில் போட்டிருந்தாள்.

இப்போது மலைமேல் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கவிதா என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, யாருங்க இந்த ஆளு? ஆளாளுக்கு சண்ட போட்டுக்கறாங்க" என்றாள்.

"படம் நெசந்தான். கீழ எழுதியிருக்கறதுதான் பொய்யி. அந்த ஆளு சேத்த பட்டாளத்துல இருந்த ஒருத்தருக்கு நான் மருந்து கட்டியிருக்கேன்" என்றேன்.

"எங்கீங்க, வெளிநாட்டுலயா?"

"நீ நிக்கற அதே வார்டுலதான்."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஆலத்தூர் நாட்டுக்காரி; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்பாவும் அம்மாவும் மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைத்தவர்கள். பத்தாவது முடித்ததும் சேலத்தில் நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கே மூன்று பேர் ஒரு கட்டிலில் படுத்துப் படித்தோம். மலைக்காரி என்று என் பேச்சைக் கேலி செய்தவர்களே கடைசி வருடம் என் குறிப்புகளை வாங்கிப் படித்தார்கள். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் உண்டு. மலைக்குக் கீழே சமவெளியில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு செம்மேட்டுக்கு வந்தேன்.

என் வேலையை நான் கற்றது அங்கே இருந்த டாக்டர் மங்கையர்க்கரசியிடம். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நோயாளி எவ்வளவு சின்னவராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கெட்ட சேதி சொல்வதானால் முக்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். நின்றபடி சொல்லவே மாட்டார். அவர் முக்காலியைத் தேடினாலே எங்களுக்குச் சேதி தெரிந்துவிடும்.

புண்ணைப் பற்றி அவரிடம் "மோசமா இருக்குங்க" என்று சொல்ல முடியாது. "மோசம்னா எனக்கு என்ன தெரியும்? எவ்வளவு அகலம், ஓரம் என்ன நிறம், சீழ் கெட்டியா தண்ணியா, என்ன நாத்தம்? அதைச் சொல்லு" என்பார். பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு பெண்ணை லாரியில் ஏற்றி வந்தபோது பாதி வழியிலேயே பிரசவமாகிவிட்டது. மிளகு மூட்டைகளுக்கு நடுவே நான்தான் பிள்ளையை வாங்கினேன். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். டாக்டரம்மா மட்டும், "நஞ்சுக்கொடி முழுசா வந்துச்சா, விரிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்திருந்தேன். "அப்பச் சரி" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் மில்லுக்கார ஐயாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மலையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. வெள்ளைத் தோல், பூனைக் கண், பெரிய கைகள். பெயர் இஸ்மெத். பாக்சைட் தாது வெட்டும் இயந்திரங்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் எப்போதோ வந்தவர், வந்த வேலை முடிந்தும் போகவில்லை. பெரக்கரை நாட்டில் பொன்னுசாமி என்ற விவசாயி தன் மானாவாரிக் காட்டோரம் இடம் கொடுக்க, இருவரும் சேர்ந்து ஒரு மாவு மில் போட்டார்கள். அதுவரை எங்கள் பெண்கள் கேழ்வரகு அரைக்கத் தலையில் சுமந்துகொண்டு வெகுதூரம் போக வேண்டியிருந்தது. ஐயா மில்லை ஓட்டினார், பம்புசெட்டுகளைப் பழுது பார்த்தார், மில்லை ஒட்டிய அறையில் தனியாக வாழ்ந்தார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டு முஸ்லிம் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். பேசினால் நம்மூர்ப் பேச்சேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆலத்தூர் நாட்டுப் பெரியவர் ஒருவர் பேசுவதாகத்தான் தோன்றும்.

இரைப்பையில் புற்றுநோய். சேலத்தில் பார்த்துவிட்டு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. இடுப்பில் படுக்கைப் புண். தினமும் காலையில் பொன்னுசாமி தூக்குப்போணியில் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து, கரண்டியால் ஊட்டிவிட்டுப் போவார். "ஏனுங்ண்ணா, இன்னும் ரெண்டு வாயி" என்று அவர் கெஞ்சுவதும், இவர் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வார்டுக்கே பழகிப் போனது.

முதல் முறை உடம்பு துடைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். இடது கையைத் தூக்கினால் அக்குளுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கத்தில், பச்சை குத்தியது போல ஒரு சின்ன ஆங்கில எழுத்து. பி. அதன் மேல் நெருப்பு சுட்ட வடு. எழுத்தை அழிக்க யாரோ முயன்று, பாதியில் விட்டது போல இருந்தது. நான் சந்தோஷமாகப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன்: "ரத்த குரூப்பக் கையிலயே எழுதி வெச்சிருக்காருங்க. பி குரூப்பு."

டாக்டரம்மா எழுந்து வந்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். ஐயா கண்ணை மூடியிருந்தார், ஆனால் தூங்கவில்லை.

"எதுக்கும் டெஸ்ட் பண்ணிடு" என்றார் டாக்டரம்மா. பண்ணினோம். பி தான். நாமக்கல்லிலிருந்து ரத்தம் வரவழைத்தோம். அதற்கு ஈடாகப் பொன்னுசாமி கீழே போய்த் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அது நாஜிப் படையில ஒரு பிரிவுக்காரங்களுக்குப் போடற அடையாளம். அடிபட்டா ரத்தம் ஏத்தறதுக்காக. படிக்கறப்ப எங்க புரொபசர் படம் காட்டியிருக்காரு. போர் முடிஞ்சதும் இதை வெச்சுத்தான் நிறையப் பேரைப் பிடிச்சாங்க. அதனால சிகரெட்டால சுட்டு அழிக்கப் பார்ப்பாங்களாம்" என்றார்.

எனக்கு நாஜி என்றால் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம். "இவரு முஸ்லிம் ஆச்சுங்களே, ஜெர்மன்காரங்க பட்டாளத்துல எப்படி?" என்றேன்.

"எனக்கும் தெரியலை."

"அப்ப இவரு கெட்டவருங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் காலையில அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டணும். நீதான் கட்டற. வேற யாரையாச்சும் போடணும்னா இப்பச் சொல்லு, மாத்தித் தரேன்."

"நானே கட்டறேனுங்க" என்றேன். மறுநாள் மருந்து கட்டும்போது என் கை வழக்கம்போலத்தான் வேலை செய்தது. ஆனால் அவரோடு பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணு, பாத்துட்டீங்களா?" என்றார்.

"பாத்தேனுங்க."

"அதை அறுத்து எடுத்துருங்க. சின்னத் தோலு. நான் செத்தா அடிவாரத்துப் பள்ளிவாசல்ல இருந்து ஆளுங்க வருவாங்க. குளிப்பாட்டித்தான் பொதைப்பாங்க. கையத் தூக்குவாங்க, பாப்பாங்க."

நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க ஐயா. என்ன நடந்துச்சு?"

நான் சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா என்னைப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஐயா நிறுத்தி நிறுத்திச் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற அளவுக்கு எழுதுகிறேன்.

அவர் ஊர் போஸ்னியாவில், இதே போல மலை. ஒரு பள்ளத்தாக்கில் முஸ்லிம்கள், அடுத்ததில் செர்பியக் கிறிஸ்தவர்கள். சந்தையில் சேர்ந்து வாங்குவார்கள், விற்பார்கள். போர் வந்ததும் செர்பிய ஆயுதக் கும்பல் ஒன்று அவருடைய பெரியப்பன் குடும்பத்தைக் கொன்றது. அவருக்குப் பதினெட்டு வயதுகூட ஆகவில்லை. ஜெர்மன்காரர்கள் முஸ்லிம் இளைஞர்களைச் சேர்த்து ஒரு பட்டாளம் அமைத்தார்கள். அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க வந்தவர் அந்த முஃப்தி.

"ஜெருசலேம்ல இருந்து பெரிய மதகுரு வந்திருக்காருன்னாங்க. நாங்க ஆடு மேய்ச்ச பசங்க. எங்களுக்கு அது மக்காவுல இருந்தே வந்த மாதிரி. பயிற்சி நடந்த எடத்துக்கு வந்தாரு. வெள்ளத் தலப்பாகை. வரிசையாப் பாத்துக்கிட்டே வந்தாரு. எம் முன்னாலயும் நின்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. இவரே சொல்றாருன்னா ஆண்டவன் சொன்ன மாதிரிதானேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"ஊருக்குக் கொண்டுவந்து எறக்கிவிட்டாங்க. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத்தான் போகச் சொன்னாங்க. எங்க பெரியப்பனைக் கொன்னவங்க அங்க இல்ல, அவங்க காட்டுக்குள்ள இருந்தாங்க. ஊட்டுல இருந்தது பொம்பளைங்களும் கெழவங்களும். எல்லாத்தையும் ஒரு களஞ்சியத்துக்குள்ள தள்ளுனாங்க. கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கறது எம் வேலை. தீய வெச்சது நான் இல்லீங்க. கதவப் புடிச்சது நான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உள்ள இருந்து ஒருத்தி எம் பேரச் சொல்லிக் கூப்ட்டா. எங்க அம்மா அவகிட்டத்தான் வெண்ணெ வாங்குவா. இஸ்மெத்து, கதவத் தொறடான்னா. தொறக்கல."

வார்டில் எதிர்க் கட்டிலில் ஒரு பாட்டி இருமிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு, சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"போர் முடிஞ்சு தப்பிச்சு எகிப்துக்குப் போனேன். அந்த முஃப்தியும் அங்கதான் இருந்தாரு. தேடிப் போயிருக்கலாம். போகல. போயி என்னத்தக் கேக்கறது? இப்ப எங்க ஊர்ல மறுபடியும் சண்ட. ரேடியோவுல கேட்டேன். இப்ப எங்க ஆளுங்களக் கொல்றாங்க. நாங்க அன்னைக்கு எரிச்சதச் சொல்லிச் சொல்லியே கொல்றாங்க."

டாக்டரம்மா கடைசியில் கேட்டார்: "அந்த எடத்துல உங்களுக்கு வலி இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அதை அறுக்க மாட்டேனுங்க. இப்ப இருக்கற உடம்புக்கு ரத்தம் நிக்காது, புண்ணு ஆறாது. இன்னொண்ணும் இருக்குது. அது நோவு இல்லீங்க, அதை எடுக்கறது வைத்தியமும் இல்லீங்க. குளிப்பாட்ட வர்றவங்களை நெனச்சுப் பயமா இருந்தா, இப்பவே அவங்ககிட்டச் சொல்லிடுங்க."

ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுதும் சாப்பிடவில்லை. மறுநாள் நான் மருந்து கட்டும்போது மெல்ல, "நீங்களே பண்ணிருங்க கண்ணு, உங்களுக்குக் கை வரும்" என்றார். எனக்குக் கை வரும் என்பது உண்மைதான். மரத்துப்போகச் செய்யும் ஊசியும் பிளேடும் எந்த டப்பாவில் இருக்கின்றன என்றும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டாக்டரம்மா சொல்லாம நான் கத்தி எடுக்க மாட்டேனுங்க ஐயா" என்றேன்.

"அவங்க சொன்னா எடுப்பீங்களா?"

யோசித்தேன். "மாட்டேன்னுதான் நெனைக்கறேனுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தை அழைத்துவரச் சொன்னது ஐயாவேதான். பொன்னுசாமி அடிவாரத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடக்கம் செய்வது பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று அவர் நினைத்தார். மில்லுக்குப் பின்னால் தன் காட்டிலேயே இடம் தருவதாகப் பொன்னுசாமி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். ஹஜ்ரத் இளைஞர். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, வெளிறிய முகத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

ஐயா எல்லாவற்றையும் சொன்னார். முஃப்தி என்றதும் ஹஜ்ரத் நிமிர்ந்தார். "அவரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேனுங்க. வெள்ளக்காரனை எதிர்த்தவரு. பாலஸ்தீனத்துக்காக நாட்ட உட்டு ஓடினவரு. எதிரிக்கு எதிரின்னுதான் ஜெர்மன்காரன்கிட்டப் போனாருன்னு சொல்லுவாங்க."

"அவரு நாட்டுக்கு அவரு என்ன வேணா பண்ணியிருக்கட்டும்" என்றார் ஐயா. அந்த உடம்பில் அவ்வளவு குரல் மிச்சமிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "எங்களுக்கும் பாலஸ்தீனத்துக்கும் என்னங்க சம்பந்தம்? களஞ்சியத்துக்குள்ள இருந்தது வெள்ளக்காரனா? எனக்கு வெண்ணெ குடுத்தவங்க. யூதங்களக் கொன்னுக்கிட்டு இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அந்த ஜெர்மன்காரன்கூட உக்காந்தாரு, ரேடியோவுல பேசுனாரு. எங்களக் கொண்டுபோயி அவன் கையில குடுத்தாரு. ஆண்டவன் மன்னிச்சிருவான்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிராதீங்க."

ஹஜ்ரத் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நான் சொல்ல மாட்டேனுங்க. மனுசனுக்குப் பண்ணுன பாவத்த அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அவங்க இப்ப உசுரோட இல்ல. எனக்கு அந்த அதிகாரம் கெடையாதுங்க" என்றார். எழுந்து நின்று, "குளிப்பாட்ட நானே வாரேன். வேற ஆள அனுப்ப மாட்டேன். ஆனா யாராச்சும் கேட்டா, நீங்க சொன்னத இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்போதுதான் வாசலில் பொன்னுசாமியைப் பார்த்தேன். கையில் தூக்குப்போணி. எவ்வளவு நேரமாக நின்றாரோ. உள்ளே வந்து போணியை மேசையில் வைத்தார். ஐயாவை ஒரு முறை பார்த்தார். திரும்பி வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் வரவில்லை. அந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தன. காலையில் பஸ் சத்தம் கேட்டதும் ஐயாவின் தலை வாசல் பக்கம் திரும்பும். நான் ஊட்டினால் ஒரு வாய், அதோடு சரி. "பொன்னுசாமிக்கு ஆள் உட்டுச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். "வேண்டாங்க கண்ணு. அவரு யோசிக்கட்டும்" என்றார்.

ஒரு நாள் காலையில் பொன்னுசாமி வந்தார். கஞ்சி கொண்டுவந்திருந்தார். உட்காரவில்லை.

"அந்தப் பொம்பள பேரு என்னங்க?"

"யோவாங்கா."

"இத்தன வருசம் எங்கூட ஒண்ணாக் குடிச்சீங்க, ஒண்ணா வேல செஞ்சீங்க. ஏனுங்ண்ணா சொல்லல?"

"சொன்னா எடம் குடுத்திருக்க மாட்டீங்க."

"ஆமாங்க. குடுத்திருக்க மாட்டேன்" என்றார் பொன்னுசாமி. பிறகு உட்கார்ந்து போணியைத் திறந்து ஊட்டத் தொடங்கினார். பாதி கஞ்சி போனதும், கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங் காட்டுல பொதைக்க முடியாதுங்ண்ணா. நான் வாக்குக் குடுத்தது நெசந்தான். ஆனா முடியாது. எங்கூட்டுப் பொம்பளைங்க அந்த வழியாத்தான் தெனமும் போவாங்க, வருவாங்க. தெரிஞ்சு வெச்சுக்கிட்டு என்னால முடியலீங்க."

ஐயா வாயிலிருந்ததை விழுங்கினார். "சரிங்க" என்றார். மிச்சக் கஞ்சியையும் குடித்தார். நோய் வந்த பிறகு அவர் போணியைக் காலி செய்தது அன்று ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு முற்பகலில், நான் பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. டாக்டரம்மா வந்து பார்த்து உறுதி செய்தார். கண்களை மூடி, தாடையைக் கட்டி, கையிலிருந்த ஊசியை எடுத்து அந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டினேன். பிளாஸ்திரிச் சுருள் கையில் இருந்தது. இடது கையைத் தூக்கினால் அந்த எழுத்து. ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்ட எவ்வளவு நேரமாகும்? நான் அங்கே நின்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அந்த இடத்தையும் மற்ற இடங்களைப் போலவே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, கையைக் கீழே வைத்தேன். பரிதாபம் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரும் மனதில் இருந்தது. இரண்டில் எது என் கையை நிறுத்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹஜ்ரத் சொன்னபடியே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி கட்டி மறைத்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குளிப்பாட்டினார். கூட வந்த இருவரும் அந்தக் கையைப் பார்த்திருப்பார்கள். வெளியே வந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேன் கிளம்பும்போது பொன்னுசாமி பின்னால் ஏறினார். "நீங்க முன்னால உக்காருங்க பெரியவரே" என்று டிரைவர் சொன்னதற்கு, "வளைவுல ஒடம்பு உருண்டுரும், புடிச்சுக்க ஒராளு வேணும்" என்றார். உடலின் தோளில் ஒரு கையும் காலில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அடிவாரம்வரை அப்படியே போனார் என்று ஹஜ்ரத் பின்னால் ஒருமுறை சொன்னார்.

மறுநாள் காலையில் பொன்னுசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெளி நோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. வரிசையைத் தாண்டி வராமல், தன் முறை வரும்வரை நின்றுதான் உள்ளே வந்தார்.

"மண்ணுப் போட்டாச்சுங்க" என்றார்.

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

உட்காரவில்லை. "டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் எடம் குடுத்திருக்கணுமுங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார்.

பொன்னுசாமி தலையை ஆட்டினார். அந்தப் பதிலில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "அப்ப வாரேனுங்க. மில்லத் தொறக்கணும். ரெண்டு நாளா மூடிக் கெடக்குது, பொம்பளைங்க மாவில்லாம இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

டாக்டரம்மா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அடுத்தவங்களை வரச் சொல்லு" என்றார்.